பிரெஞ்சுத் தேர்வில் எத்தனை வரும்? மதிப்பெண் கணிப்பு பற்றி ஓர் ஆய்வு

பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளையிடம் "எத்தனை வரும்?" என்று கேட்காத வீடு விருதுநகர் மாவட்டத்தில் இருக்காது. +2 தேர்ச்சியில் மாநிலத்தின் முதலிடத்தைப் பல ஆண்டுகள் பிடித்த மாவட்டம் இது. 2018-இல் 97.05 விழுக்காடு. 2023-இல் மாநிலத் தேர்ச்சி 94.03 ஆக இருந்தபோது இங்கே 97.85. ஸ்லிப் டெஸ்ட், ரிவிஷன் டெஸ்ட், மாலை வகுப்பு, கீ ஆன்சரை வைத்துத் தானே மதிப்பெண் கூட்டிப் பார்ப்பது என்று தேர்வுக்கு முன்பே மதிப்பெண்ணைக் கணித்துவிடும் ஒரு பழக்கம் இங்குள்ள பள்ளிகளில் ஊறிப்போயிருக்கிறது.

அதே கேள்வி இப்போது புதிய தேர்வுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. +2-வில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்த மாணவர், பிரான்சில் மேற்படிப்புக்கு முயலும் பொறியியல் பட்டதாரி, கனடாவில் நிரந்தர வசிப்புரிமை வேண்டி முப்பது வயதுக்கு மேல் பிரெஞ்சு கற்கத் தொடங்கும் செவிலியர், கணினிப் பணியாளர் என எல்லோருக்கும் தேதி பதிவு செய்யும் முன் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எனக்கு எத்தனை வரும்? நம் பள்ளிகளின் கணிப்பு முறை இந்தக் கேள்விக்குப் பாதி விடைதான் தரும் என்பது இக்கட்டுரையின் வாதம். மீதிப் பாதிக்கு வேறு வழி வேண்டும். அந்த வழி நம் கைக்கு எட்டியதுதான்.

+2 பிரெஞ்சு: கணிப்பு எளிதான தேர்வு

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், 2006-07 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாய முதல் மொழிப்பாடமாக்கியது. மேல்நிலை வகுப்புகளில் பிற மொழியை எடுக்கும் வாய்ப்பு தொடர்கிறது. மதிப்பெண்ணுக்காகவே பிரெஞ்சையும் சமஸ்கிருதத்தையும் எடுத்தவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். அதனால்தான் ராங்க் பட்டியல் இருந்தவரை, தமிழை முதல் மொழியாகப் படித்தவர்களுக்கு மாநில ராங்க்கும் பிற மொழி படித்தவர்களுக்குத் தனிப் பட்டியலுமாக அறிவித்தார்கள். 2017-இல் ராங்க் முறையே போய்விட்டது. பொறியியல் கட்-ஆஃபில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டுமே சேர்வதால் மொழிப்பாட மதிப்பெண் அங்கே செல்லாது. ஆனாலும் மொத்த மதிப்பெண் மீதான ஆசை குறையவில்லை.

இந்தத் தேர்வில் மதிப்பெண்ணைக் கணிப்பது கடினமல்ல. 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 10 அகமதிப்பீடு. பாடநூல் ஒன்று, அதன் எல்லை தெரியும். பழைய வினாத்தாள்கள் கிடைக்கும். மதிப்பீடு விடைக்குறிப்பின்படி நடக்கும். மூன்று ரிவிஷன் டெஸ்ட்களில் எடுத்த மதிப்பெண்ணின் சராசரியை எடுத்தால் இறுதி மதிப்பெண் அதன் அருகில்தான் இருக்கும்.

இங்கே வரும் நூற்றுக்கு அருகான மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அடுத்த தேர்வுக்குப் போவதில்தான் ஆபத்து இருக்கிறது. பாடநூலைப் படித்துத் தாளில் எழுதிக் காட்டிய திறனை அந்த மதிப்பெண் சரியாகவே சொல்கிறது. முன்பின் கேட்டறியாத ஒரு குரல் வேகமாகப் பேசுவதைப் புரிந்துகொள்ளும் திறனைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

டெல்ஃப்: குறைந்தபட்ச மதிப்பெண் என்ற கதவு

பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் சார்பில் ஃபிரான்ஸ் எடுகேஷன் இன்டர்நேஷனல் நிறுவனம் வழங்கும் பட்டயம் டெல்ஃப். ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு நிலைகள். இந்த நிலைகளின் அடிப்படை ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட பொது மொழிச் சட்டகம். ஒவ்வொரு நிலையிலும் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள், பகுதிக்கு 25, மொத்தம் 100. தேர்ச்சிக்கு 50 வேண்டும். கூடவே எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது.

இந்த இரண்டாவது நிபந்தனைதான் கணிப்பைத் திசை மாற்றுகிறது. 18, 16, 9, 7 என்று எடுத்தவர் சரியாக 50-இல் தேறிவிடுவார். 20, 20, 18, 4 என்று 62 எடுத்தவர் தேறமாட்டார். மொத்தத்தை மட்டும் கூட்டிப் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது புதிது. டெல்ஃபுக்கான கணிப்பு நான்கு எண்களாக இருக்க வேண்டும். அவற்றில் மிகச் சிறியதை முதலில் பார்க்க வேண்டும்.

கனடாவுக்கான தேர்வு: ஒரு திறன் சறுக்கினால்

குடியேற விண்ணப்பிப்பவர்களைப் புள்ளி அடிப்படையில் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பிரெஞ்சு அறிந்தவர்களுக்கென்று தனித் தேர்வுச் சுற்று 2023-இல் தொடங்கியது. 2024 பிப்ரவரி 29 அன்று நடந்த பிரெஞ்சுச் சுற்றில் 336 புள்ளி உள்ளவர்களுக்குக்கூட அழைப்பு போனது. அதே ஆண்டில் பொதுச் சுற்றுகளுக்கு 500-க்கும் மேல் தேவைப்பட்டது. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பலர் பிரெஞ்சு வகுப்பில் சேர்கிறார்கள்.

இதற்கு ஏற்கப்படும் தேர்வுகள் இரண்டு. ஒன்று ஃபிரான்ஸ் எடுகேஷன் இன்டர்நேஷனல் நடத்தும் டிசிஎஃப் கனடா. மற்றது பாரிஸ் வணிகக் கழகம் நடத்தும் டிஇஎஃப் கனடா. இரண்டின் முடிவும் இரண்டு ஆண்டுகள் செல்லும். மதிப்பெண்ணை என்சிஎல்சி என்ற கனடிய அளவுகோலுக்கு மாற்றுவார்கள். அதில் நான்கு திறன்களிலும் 7-ஆம் நிலை என்பதுதான் எல்லைக்கோடு. டிசிஎஃப் கனடாவில் அந்த நிலைக்குக் கேட்டலில் 458, வாசித்தலில் 453, எழுதுதலிலும் பேசுதலிலும் 20-க்கு 10 வேண்டும்.

ஆங்கிலத்தை முதல் மொழியாகவும் பிரெஞ்சை இரண்டாம் மொழியாகவும் காட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அவருக்கு 5-ஆம் நிலையோ அதற்கு மேலோ இருக்கிறது. பிரெஞ்சில் நான்கிலும் 7-ஆம் நிலை வந்தால் திறனுக்கு 3 வீதம் 12 புள்ளி, கூடுதலாக 50, ஆக மொத்தம் 62. ஒரே ஒரு திறன் 6-ஆம் நிலைக்கு இறங்கினால் 3, 3, 3, 1 என்று 10 புள்ளிதான். அந்த 50 முழுதாகப் போய்விடும். பிரெஞ்சுச் சுற்றில் இடம்பெறும் தகுதியும் போய்விடும்.

சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களில் இதை எளிதாகப் புரியவைக்கலாம். நான்கு வண்ணத்தில் மூன்று கச்சிதமாக விழுந்து ஒன்று மட்டும் ரிஜிஸ்டர் விலகினால் காலண்டர் தாள் மொத்தமும் கழிவுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிஇஎஃப் கனடாவின் மதிப்பெண் அளவு 2023 டிசம்பரில் மாறியது. பழைய அளவில் வாசித்தலுக்கு 207 எடுத்தால் 7-ஆம் நிலை. புதிய அளவில் 434 வேண்டும். பழைய வழிகாட்டி நூலை வைத்துப் படிப்பவர் தம் பயிற்சி மதிப்பெண்ணை எந்த அட்டவணையோடு ஒப்பிடுகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தன்னைத் தானே மதிப்பிடுவது பற்றி ஆய்வுகள்

"எனக்கு பி2 வந்துவிட்டது" என்று ஒருவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? கல்வி ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. 1989-இல் ஃபால்ச்சிகோவ், பௌட் இருவரும் மாணவர்களின் தன்மதிப்பீடு பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடக்க நிலைப் பாடங்களில் இருப்பவர்களைவிட மேல்நிலைப் பாடங்களில் இருப்பவர்கள் தம்மைச் சரியாக மதிப்பிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. 1999-இல் குரூகரும் டன்னிங்கும் செய்த சோதனைகளில் ஆங்கில இலக்கணமும் ஒன்று. மிகக் குறைவாக எடுத்தவர்களே தம்மை மிக அதிகமாக மதிப்பிட்டிருந்தார்கள். எது பிழை என்று தெரியாதவருக்குத் தாம் எத்தனை பிழை செய்தோம் என்பதும் தெரிவதில்லை.

மொழித் தேர்வுக்கு நேரடியாகப் பயன்படுவது 1998-இல் ஸ்டீவன் ராஸ் வெளியிட்ட ஆய்வு. கேட்டலிலும் வாசித்தலிலும் மாணவரின் சொந்த மதிப்பீடு உண்மைத் திறனோடு நன்றாகவே பொருந்துகிறது. பேசுதலிலும் எழுதுதலிலும் அவ்வளவு பொருந்துவதில்லை. கேள்வி மாணவர் உண்மையில் செய்து பார்த்த வேலையைப் பற்றியதாக இருந்தால் மதிப்பீடு துல்லியமாகிறது. "உங்களுக்குப் பிரெஞ்சு எவ்வளவு வரும்?" என்று கேட்டால் கிடைக்கும் விடைக்குப் பெரிய மதிப்பில்லை. "வாடகைவீட்டு உரிமையாளருக்குத் தண்ணீர்க் குழாய் பழுது பற்றி நீங்கள் எழுதிய கடிதம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் கிடைக்கும் விடை பயன்படும்.

ஒரு கணக்கு: 458 என்பது எவ்வளவு தூரம்?

டிசிஎஃப் கனடாவின் கேட்டல் பகுதியில் 39 கேள்விகள், 35 நிமிடம். எளிதில் தொடங்கிக் கடினத்தில் முடியும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. பயிற்சி வகுப்புகளில் புழங்கும் கணக்கு இது: முதல் 4 கேள்விக்கு 3 வீதம், அடுத்த 6-க்கு 9, அடுத்த 9-க்கு 15, அடுத்த 10-க்கு 21, அடுத்த 6-க்கு 26, கடைசி 4-க்கு 33. கூட்டினால் 699 வரும். தேர்வின் உச்ச மதிப்பெண்ணும் அதுதான்.

இந்தக் கணக்கின்படி முதல் 29 கேள்விகள் முழுதும் சரியாக இருந்தால் 411. எல்லைக்கோடான 458-க்கு அது போதாது. 26 மதிப்பெண் கேள்விகளில் இன்னும் இரண்டு வேண்டும். பயிற்சித் தேர்வில் சரியான விடைகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணுபவர் இதைத் தவறவிடுகிறார். 31 விடை சரி என்பது 463 ஆகவும் இருக்கலாம், அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். எந்த 31 என்பதைப் பொறுத்தது அது.

இனி ஒரு மாணவரை எண்ணிப் பார்ப்போம். எளிய கேள்விகள் அவருக்கு ஏறக்குறைய முழுதும் வரும். நடுநிலைக் கேள்விகளில் பத்துக்கு ஒன்பது. 21 மதிப்பெண் கேள்விகளில் பத்துக்கு ஏழு. 26 மதிப்பெண் கேள்விகளில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கடைசி நான்கில் யூகம்தான். நிகழ்தகவுக் கணக்கின்படி இவரது சராசரி சுமார் 440. ஒவ்வொரு தேர்விலும் அது 55 புள்ளி வரை மேலும் கீழும் ஆடுவது இயல்பு. அதே ஆள், அதே திறன், ஒரு நாள் 390 எடுப்பார், இன்னொரு நாள் 490 எடுப்பார். 490 வந்த நாளில் "தேறிவிட்டேன்" என்று முடிவு செய்வதும் 390 வந்த நாளில் மனம் உடைவதும் இரண்டுமே தவறு.

இதிலிருந்து ஓர் உருப்படியான விதி கிடைக்கிறது. பயிற்சியில் சராசரி 458 வந்தால் தேர்வு நாளில் எல்லையைத் தாண்டும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. சராசரி 520-ஐ நெருங்கினால் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது. நான்கு திறன்களுக்கும் தலா பத்தில் ஒன்பது வாய்ப்பு இருந்தாலும், அவற்றைத் தனித்தனி நிகழ்வாகக் கொண்டால், நான்கையும் ஒருங்கே தாண்டும் வாய்ப்பு 65 விழுக்காடு அளவில்தான் நிற்கும். ஒருவருக்கு நான்கு திறன்களும் ஓரளவு சேர்ந்தே உயர்வதால் உண்மை நிலை இதைவிடச் சற்று மேல். அப்படியும், எல்லைக்கோட்டைக் குறிவைத்துப் படிப்பவர் எல்லைக்குக் கீழேயே நின்றுவிடக் கூடும். குறியை ஒரு படி மேலே வைப்பதுதான் சரி.

நம் காது, நம் பேனா

மேலே சொன்ன சராசரி உண்மையாக இருக்க வேண்டுமானால் பயிற்சித் தேர்வு உண்மைத் தேர்வு போலவே நடக்க வேண்டும். டெல்ஃபில் பெரும்பாலான ஒலிப்பதிவுகளை இருமுறை கேட்கலாம். டிசிஎஃபில் ஒரே முறைதான். வீட்டில் கைபேசியில் நிறுத்தி நிறுத்திக் கேட்டு எடுத்த மதிப்பெண் அந்தத் தேர்வுக்குரிய மதிப்பெண் ஆகாது. ஒரே மாதிரித் தாளை இரண்டாம் முறை செய்து வாங்கிய மதிப்பெண்ணும் ஆகாது. அது நினைவாற்றலின் மதிப்பெண்.

தமிழில் வளர்ந்த காதுக்குச் சில இடங்கள் சறுக்கும், அவற்றை முன்கூட்டியே அறிந்து வைப்பது கணிப்புக்கு உதவும். பிரெஞ்சில் மூக்கொலி உயிர்கள் சில நம் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். சொல்லின் கடைசி எழுத்து பெரும்பாலும் ஒலிக்காது, ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் பல இடங்களில் ஒலித்துவிடும். எண்கள் ஒரு தனிச் சிக்கல்: 70 என்பதை அறுபதும் பத்தும் என்றும், 90 என்பதை நான்கு இருபதும் பத்தும் என்றும் சொல்வார்கள். தொலைபேசி எண், ரயில் நேரம், விலை என்று வரும் எளிய கேள்விகளில் நம்மவர்கள் இழக்கும் மதிப்பெண் இங்கேதான் போகிறது. எழுதும்போது மேசைக்கும் நாற்காலிக்கும்கூட ஆண்பால் பெண்பால் பார்க்க வேண்டும். அஃறிணைக்குப் பால் வேறுபாடு இல்லாத மொழியிலிருந்து வருபவருக்கு இது கடைசி வரை தொல்லை தரும். இந்தப் பிழைகளைத் தாமே படித்துப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாது. எழுத்துப் பகுதியில் சொந்தக் கணிப்பு பொய்த்துப்போக இதுவே பெரிய காரணம்.

எழுதுதலும் பேசுதலும்: வெளியார் கண் வேண்டும்

கீ ஆன்சர் இல்லாத பகுதிகள் இவை. டிசிஎஃப் கனடாவில் ஒரு மணி நேரத்தில் மூன்று எழுத்து வேலைகள்: 60 முதல் 120 சொல்லில் ஒரு செய்தி, 120 முதல் 150 சொல்லில் ஓர் அனுபவம் அல்லது விவரிப்பு, 120 முதல் 180 சொல்லில் இருவேறு கருத்துகளை ஒப்பிட்டுத் தம் நிலையைச் சொல்லும் கட்டுரை. பேச்சுக்கு 12 நிமிடம், அதிலும் மூன்று வேலைகள். இரண்டு பகுதிகளையும் ஒருவருக்கு மேற்பட்ட மதிப்பீட்டாளர்கள் பார்க்கிறார்கள். ஒரே தாளுக்கு இரண்டு பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் 9-உம் 11-உம் தரலாம் என்பதால்தான் அந்த ஏற்பாடு. நம் எல்லைக்கோடு அந்த இரண்டுக்கும் நடுவில் 10-இல் இருக்கிறது.

ஆகவே எழுத்துக்கும் பேச்சுக்கும் கணிப்பு என்றால் வேறொருவர் கொடுத்த மதிப்பெண் என்றே பொருள் கொள்ள வேண்டும். சொல்லிக்கொடுத்த ஆசிரியரே மதிப்பிட்டால் மாணவர் என்ன சொல்ல வருகிறார் என்று அவருக்கு முன்பே தெரியும். பிழையான உச்சரிப்பும் அவர் காதுக்குப் பழகியிருக்கும். பேச்சைக் கைபேசியில் பதிந்து, முகம் அறியாத இன்னோர் ஆசிரியருக்கு அனுப்பி, நிறுவனம் வெளியிட்டுள்ள மதிப்பீட்டு அளவுகோலின்படி மதிப்பெண் கேட்க வேண்டும். இருவரிடம் கேட்டு, இரண்டில் குறைந்ததைக் கணக்கில் கொள்வது பாதுகாப்பானது.

பதிவு செய்யும் முன்

இவற்றையெல்லாம் நடைமுறைக்குக் கொண்டுவந்தால் வரிசை இப்படி அமையும். முதலில் தேர்வு எது என்பதை முடிவு செய்து, அதன் இன்றைய மதிப்பெண் அட்டவணையை அதிகாரபூர்வ இடத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, முன்பு பார்த்திராத நான்கு மாதிரித் தேர்வுகளை முழு நேரத்துக்கும் இடைநிறுத்தமின்றி எழுத வேண்டும். டிவி5மோந்த் தொலைக்காட்சியின் தளத்தில் டிசிஎஃப் பயிற்சித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கேட்டலுக்கும் வாசித்தலுக்கும் நான்கின் சராசரியை எடுத்து, அதைச் சுற்றி 50 புள்ளி மேலும் கீழும் இடம் விட வேண்டும். எழுத்துக்கும் பேச்சுக்கும் வெளியார் மதிப்பெண்ணைப் பெற வேண்டும். நான்கில் எது மிகப் பின்தங்கியிருக்கிறதோ, அதன் கீழ் எல்லை தேவையான நிலையைத் தொட்டால் பதிவு செய்யலாம். தொடாவிட்டால் மீதமுள்ள நேரம் முழுவதும் அந்த ஒரு திறனுக்குத்தான். நன்றாக வரும் திறனை மேலும் மெருகேற்றுவதால் புள்ளிகள் கொஞ்சம் கூடலாம், கதவு திறக்காது.

ஊர்த் தொலைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சென்னை அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற மையங்களுக்குச் சிவகாசியிலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலை எழும்பூரில் இறங்கி, அன்றே கேட்டல் தேர்வு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தூக்கமில்லாத காது முதலில் கைவிடுவது கேட்டலைத்தான். ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்குவதற்கு ஆகும் செலவு, தேர்வை மறுபடி எழுத ஆகும் செலவைவிடக் குறைவு.

மாவட்டம் செய்யக்கூடியது

இந்தக் கணிப்பை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே செய்யத் தேவையில்லை. பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளிலும் அச்சகங்களிலும் உழைத்த பணம் பயிற்சிக் கட்டணமாகவும் தேர்வுக் கட்டணமாகவும் போகும்போது, "மூன்றே மாதத்தில் பி2" என்று சொல்லும் விளம்பரத்துக்கு எதிராக அந்தக் குடும்பத்தின் கையில் ஓர் எண் இருக்க வேண்டும். +2-வுக்கு மாவட்டம் முழுவதும் பொது ரிவிஷன் தேர்வு நடத்தி, விடைத்தாளை வேறு பள்ளி ஆசிரியரிடம் திருத்தக் கொடுக்கும் முறை நமக்குத் தெரிந்ததுதான். விருதுநகர், சிவகாசி, கிருஷ்ணன்கோவில் பகுதிக் கல்லூரிகள் சேர்ந்து ஆண்டுக்கு இருமுறை ஒரு பொது பிரெஞ்சு மாதிரித் தேர்வு நடத்தலாம். எழுத்தையும் பேச்சையும் ஒரு கல்லூரி மாணவருக்கு இன்னொரு கல்லூரி ஆசிரியர் மதிப்பிடலாம். புதுச்சேரியில் 1889 முதல் இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற நிறுவனங்களின் ஆசிரியர்களை மதிப்பீட்டாளர்களுக்குப் பயிற்சி தர அழைக்கலாம். முடிவை நான்கு எண்களாக, ஒவ்வொன்றுக்கும் மேல் எல்லை கீழ் எல்லையோடு கொடுத்தால் போதும். "எத்தனை வரும்?" என்று கேட்கும் பெற்றோருக்கு அதைவிட நேர்மையான பதில் கிடையாது. பணம் கட்டலாமா, இன்னும் ஆறு மாதம் படிக்கலாமா என்பதை அந்த நான்கு எண்களை வைத்து வீட்டிலேயே உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம்.